படம் பிடிப்போரும் பந்தியும்

சென்ற ஆவணியில் நடைபெற்ற திருமணமொன்றிற்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். யாழ்ப்பாண நகரை அண்டிய ஒரு மண்டபம்; முற்பகல் முகூர்த்தம். வயதை மதித்து எம்மை முதற்பந்தியிலேயே இருத்தினார்கள். வயிறார உண்டு, வெற்றிலை போட்டு, மணமக்களோடு நின்று படமும் எடுத்துக்கொண்டு, பழைய மாணவர் சிலருடன் ஊர்ப் புதினம் பேசியபடி மூன்றரை மணிவரை அங்கேயே இருந்துவிட்டோம். புறப்படும் வேளையில் மறந்துபோன குடையைத் தேடி மண்டபத்தின் பின்புறம் செல்ல நேர்ந்தது. அங்கே, பாத்திரம் கழுவும் இடத்திற்கு அருகில், மூன்று இளைஞர்கள் நின்ற நிலையிலேயே சோறு உண்டுகொண்டிருந்தனர். ஒருவரது தோளிலிருந்து கமரா இன்னும் இறங்கவில்லை. தட்டில் சோறும் பருப்பும் ஒரு கறியும் இருந்தன. பாயாசக் கிடாரத்தைச் சமையற்காரரின் ஆட்கள் முன்னரே கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். நாம் இலையின்முன் அமர்ந்திருந்தபோது எதிரே குனிந்து நின்று எம்மைப் படமெடுத்தவர் அம்மூவருள் ஒருவர். எம்மைக் கண்டதும், ஏதோ குற்றஞ் செய்தவரைப்போலத் தட்டைச் சற்றே மறைத்துக்கொண்டு சிரித்தார். அச்சிரிப்பு எமக்கு அன்றிரவு முழுவதும் உவப்பாயிருக்கவில்லை.

பேச்சுக் கொடுத்தோம். அதிகாலை நாலரை மணிக்கு மாப்பிள்ளை வீட்டிற்குச் சென்றவர்கள் அவர்கள். அங்கே ஒரு பிளேன்ரீ கிடைத்ததாம். அதன்பின் வயிற்றிற் போட்டது, மண்டபத்திற்கு வரும் வழியில் கடையொன்றில் வாங்கிய இரண்டு வடை. எவரும் தங்களைச் சாப்பிட வேண்டாமென்று சொல்லவில்லை என்பதை அவர்களே வற்புறுத்திக் கூறினார்கள். எல்லாரும் ‘பிறகு சாப்பிடலாம், தம்பி’ என்றே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் ‘பிறகு’ வந்தபோது பந்தி முடிந்துவிட்டது.

இலக்கியப் பக்கத்தில் சோற்றுக் கதை எதற்கு என்று வினவும் அன்பர்கள் இருப்பர். சிறுகதையின் உத்தி பற்றியும் கவிதையின் ஓசை பற்றியும் வாரந்தோறும் எழுதிவரும் இவ்விடத்தில், கலியாண வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி எழுத நேர்ந்தமை எமக்கும் முதலிற் கூச்சமாகவே இருந்தது. ஆயினும் எமது சமுதாயத்தின் வரலாற்றை அறிந்தோர்க்குப் பந்தி என்பது வெறும் சோற்று விவகாரமாகத் தோன்றாது. யார் யாருடன் இருந்து உண்ணலாம், யார் முன்னே, யார் பின்னே, யாருக்கு இலை, யாருக்குச் சிரட்டை என்ற கேள்விகளை வைத்தே ஈழத்துத் தமிழ் எழுத்தின் ஒரு பெரும் பகுதி பிறந்தது. அந்தக் கேள்விகளுக்கு ஒருவாறு விடை கண்டுவிட்டோம் என்று நாம் நினைத்திருக்கும் வேளையில், புதியதொரு தொழிலைச் செய்யும் புதியதொரு கூட்டத்தாருக்கு நாமே மண்டபத்தின் பின்புறத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

இத்தொழிலின் ஒருநாள் எப்படிக் கழிகிறதென்பதை முதலிற் சொல்லவேண்டும். இரு வீட்டாருக்கும் சேர்த்து ஒரே குழு அமர்த்தப்பட்டாலும், விடியற்காலையில் அக்குழு இரண்டாகப் பிரியவேண்டும். ஒருவர் மாப்பிள்ளை வீட்டிற் பாலறுகு வைப்பதையும், தலைப்பாகை கட்டுவதையும், தோழனோடு புறப்படுவதையும் எடுப்பார். மற்றவர் பெண் வீட்டில் அலங்காரத்தை எடுப்பார். மண்டபத்தில் மாப்பிள்ளையை எதிர்கொள்ளும்போது, அவருக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடியே படமெடுக்க வேண்டும். பிறகு மணவறை. ஐயர் ஓமம் வளர்க்கும் புகைக்குள் கண்ணைக் கசக்கக்கூட நேரமில்லை. கன்னிகாதானம், கூறை கொடுத்தல், தாலி கட்டுதல் ஆகிய இவற்றுள் எந்த ஒன்றும் இவர்களுக்காக இரண்டாம் முறை நிகழாது. (இரண்டாம் முறை நிகழ்த்தும்படி கேட்கும் படப்பிடிப்பாளர்களும் உளர், அவர்களைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.) தாலி ஏறியபின் அறுகரிசி இடப் பெரியோர் வரிசையாக மேடையேறுவர். அவ்வரிசை முடியுமுன்னரே குடும்பப் படங்கள், அலுவலகத்தார் படங்கள், பள்ளித் தோழியர் படங்கள். இவையெல்லாம் நடக்கையில் அப்பால் முதற்பந்தி நடக்கும். இரண்டாம் பந்தி நடக்கும். மூன்றாம் பந்தியும் நடக்கும்.

இங்கேதான் இத்தொழிலுக்கே உரிய சங்கடம் இருக்கிறது. திருமணத்திற் பணிசெய்வோர் பலர். ஆயினும், மேளகாரருக்குச் சடங்கு முடிய ஓய்வு கிடைக்கிறது. அவர்கள் கூட்டாக வருபவர்கள், கூட்டாகவே இருந்து உண்ணும் வழக்கம் உடையவர்கள், உணவு தாமதித்தால் உரத்துக் கேட்கும் துணிவும் உடையவர்கள். சோடனைக்காரர் முதல்நாள் இரவே வேலையை முடித்துவிடுகிறார். மணமகளை அலங்கரிப்பவருக்கு இடையிடையே அறைக்குள் இருக்க நேரமுண்டு. சமையற்காரர் பசித்திருந்தார் என்று நாம் கேள்விப்பட்டதில்லை. படப்பிடிப்பாளர் ஒருவருக்கு மாத்திரமே, பிறர் உண்ணும் நேரமும் வேலை நேரமாக இருக்கிறது. அதுமட்டுமன்று, பிறர் உண்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அப்போது அவரது வேலை. மணமக்கள் ஓரிலையில் இருந்து ஒருவர்க்கொருவர் ஊட்டுவதை எடுக்கவேண்டும். சம்பந்தியார் அருகருகே இருந்து உண்பதை எடுக்கவேண்டும். வீடியோக்காரரோ வரிசை வரிசையாக நடந்து, சோறு பிசையும் கைகளையும் நிமிர்ந்து பார்த்து நாணும் முகங்களையும் ஒன்றுவிடாமல் எடுக்கிறார். அப்பகுதியைப் பின்னர் எவரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஆயினும் அதில் தம் முகம் இல்லாவிட்டால் மனத்தாங்கல் கொள்ளும் பெரிய மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். பசியோடிருக்கும் ஒருவரை அழைத்து நாம் உண்பதை அருகிருந்து பார்க்கச் செய்து, அதற்குக் கூலியும் கொடுத்து, உணவை மாத்திரம் மறந்துவிடுகிறோம்.

முன்னைய தலைமுறையில் இச்சங்கடம் இந்த அளவில் இருந்ததில்லை. மணமக்களே ஸ்ரூடியோவுக்குச் சென்று, வரைந்த திரைச்சீலையின்முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய காலம் உண்டு. பின்னர் படப்பிடிப்பாளர் வீட்டிற்கு வந்தார். அவர் கொணர்ந்த கமராவில் ஒரு சுருள் பிலிமில் 12 சதுரப் படங்கள் விழும். சிறிய கமராவாயின் 36. மின்னல் வெளிச்சத்திற்கு ஒரு படத்துக்கு ஒரு குமிழ் எரிந்து தீரும். ஆகவே அவர் எண்ணி எண்ணியே எடுத்தார். தாலி கட்டுவது ஒன்று, மாலை மாற்றுவது ஒன்று, இரு வீட்டாரும் நிற்பது இரண்டு, ஊர்ப் பெரியவர்களுடன் ஒன்று. ஒன்றரை மணித்தியாலத்தில் அவரது வேலை முடிந்துவிடும். அதன்பின் கமராவைத் தோற்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சால்வையைச் சரிசெய்துகொண்டு, பந்தியிற் சென்று அமர்வார். அவர் அப்போது விருந்தினருள் ஒருவர். ஊரில் ஒரேயொரு ஸ்ரூடியோ இருந்தமையால் அவரைத் தெரியாதவரும் இல்லை. ‘மாஸ்ரர், இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ’ என்று கேட்டுப் பரிமாறுவார்கள்.

பிலிமின் இடத்தை இலக்கக் கமரா பிடித்துக்கொண்டபின் எண்ணி எடுக்கவேண்டிய தேவை ஒழிந்தது. படம் ஒன்றிற்கு ஆகும் செலவு ஏறத்தாழ இல்லாமற் போகவே, வேண்டுவோரின் ஆசைக்கும் எல்லையில்லாமற் போயிற்று. பன்னிரண்டு படம் எடுத்த இடத்தில் ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். ஒருவர் வந்த இடத்திற்கு நால்வர், ஐவர் வருகிறார்கள். நிலைப்படத்திற்கு இருவர், வீடியோவுக்கு இருவர், வானிற் பறக்கும் ட்றோனுக்கு ஒருவர். மணமகனின் தமக்கை ரொறன்ரோவிலும் மணமகளின் சித்தப்பா இலண்டனிலும் இருந்தால், அவர்கள் தத்தம் வீட்டுக் கூடத்திலிருந்தே பார்ப்பதற்கு நேரடி ஒளிபரப்பும் வேண்டும். அங்கே அப்போது நள்ளிரவாக இருந்தாலும் அவர்கள் விழித்திருந்து பார்ப்பார்கள். ஆகவே இங்கே கமராவை ஒரு நிமிடமேனும் கீழே வைக்க முடியாது. ஒன்றரை மணித்தியால வேலை பன்னிரண்டு, பதினான்கு மணித்தியால வேலையாகிவிட்டது. வேலை நீண்டபோது அதற்குள் இரண்டு வேளை உணவும் அடங்கிவிட்டதென்பதை மாத்திரம் எவரும் கணக்கில் எடுக்கவில்லை. பழைய முறை அழிந்தது. புதிய முறை ஒன்று ஏற்படவில்லை.

இக்குறைக்குக் காரணம் நம்மவரின் கல்நெஞ்சு என்று நாம் சொல்லவரவில்லை. பெரும்பாலும் இது பொறுப்பு எவருடையதென்று தெரியாமையால் விளைவது. படப்பிடிப்புச் செலவை மாப்பிள்ளை வீட்டார் ஏற்றிருப்பர். மண்டபமும் சாப்பாடும் பெண் வீட்டாருடையதாக இருக்கும். முன்னவர், சாப்பாடு அவர்கள் பக்கம் என்றிருப்பர். பின்னவர், இவர்கள் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் என்றிருப்பர். முன்னாளில் வீட்டுமுற்றத்துப் பந்தலிற் சமைத்தபோது, அடுப்படியில் நின்ற பெரியம்மா ஒருத்தி எல்லா முகங்களையும் அறிந்திருந்தாள். உண்ணாத முகம் எதுவென்று அவளுக்குத் தெரியும். இன்று தட்டுக் கணக்கு வந்துவிட்டது. கொழும்பு ஹோட்டல்களில் ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று முற்பணம் பேசப்படுகிறது. அந்த வழக்கம் வெள்ளவத்தை மண்டபங்களுக்கும் வந்து, இப்போது யாழ்ப்பாணத்திற்கும் கிளிநொச்சிக்கும் வந்துவிட்டது. முந்நூறு தட்டு என்று எழுதும்போது அம் முந்நூறும் அழைப்பிதழ் கொடுத்தவர்களை எண்ணியே எழுதப்படுகிறது. ஐந்து தட்டைக் கூட்டி எழுதுவது எவருடைய நினைவிலும் இல்லை. மண்டபத்தை மாலை வேறொருவருக்குக் கொடுத்திருப்பதால் நான்கு மணிக்கு மேசைகளை மடித்துவிடுகிறார்கள். பரிமாறுபவர் கூலிக்கு வந்தவர். இவர் யார், அவர் யார் என்று அவருக்கென்ன தெரியும்? கழுத்திற் கமரா தொங்குபவர் விருந்தினர் அல்லர் என்பது மாத்திரம் அவருக்குத் தெரிகிறது.

இந்த இடத்திற்றான் எமக்கு அச்சம் உண்டாகிறது. விருந்தினர் அல்லாதவர் பின்னாலே உண்ணட்டும் என்ற எண்ணம் எமது மண்ணிற் புதிதாக முளைத்ததன்று. கலியாண வீட்டிற் பணிசெய்த எத்தனையோ குடும்பத்தார், தாம் வெளுத்த வெள்ளையைப் பந்தலின்மேற் கட்டிவிட்டு, அப்பந்தலின்கீழ் இருந்து உண்ணமுடியாமல் வேலியோரத்தில் நின்றார்கள். 1924ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், சாதி பாராது ஒன்றாக இருந்து உண்பதை ஒரு கொள்கையாகவே கொண்டது. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக வாங்குகளில் இருத்தவேண்டும் என்ற ஏற்பாடு வந்தபோது அதைப் பொறாதவர்கள் பள்ளிக்கூடங்களுக்குத் தீவைத்தார்கள். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சாதியின் பெயரால் ஒருவரைத் தேநீர்க்கடையிலிருந்தும் உணவகத்திலிருந்தும் தடுப்பதைக் குற்றமாக்கிய பின்னரும், அறுபதுகளில் அக்கடைகளுக்குள் நுழைவதற்காக இளைஞர்கள் அடிபட்டார்கள். டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இல் நூலாக வந்தபோது அத்தலைப்பு எதைக் குறித்ததென்று எவருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

கமராக்காரரின் பசியை அக்கொடுமையோடு ஒப்பிடுகிறோம் என்று எவரும் எம்மைத் தவறாக விளங்கிக்கொள்ளலாகாது. அது பிறப்பினால் மனிதரைப் பிரித்த அநீதி. இது கவனமின்மையால் வந்த குறை. படப்பிடிப்பாளர் எந்தச் சாதியினராகவும் இருக்கலாம். அவர் அந்த வீட்டாருக்கு ஒன்றுவிட்ட சகோதரனாகவுங்கூட இருக்கலாம். ஆயினும் பழைய வீட்டிற் பின்கதவு ஒன்று இருந்தால், புதிதாகக் குடிவருவோரும் அதைப் பயன்படுத்தவே செய்வர். ‘வேலைக்கு வந்தவர்களுக்குப் பின்னாலே கொடுங்கள்’ என்று ஒருவர் சொல்லும்போது, அவ்வசனம் எமது பாட்டன்மாரின் வாயிலிருந்து வந்த அதே வசனம் என்பதை மறுக்கமுடியவில்லை.

‘அவருக்குத்தான் பணம் கொடுக்கிறோமே, கந்தோரில் வேலை செய்பவருக்கு அரசாங்கம் சோறு போடுகிறதா?’ என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. கந்தோரில் வேலை செய்பவருக்கு உணவுக்கென்று ஒரு நேரம் உண்டு. அந்நேரத்தில் அவர் தம் பொதியை அவிழ்த்து உண்ணலாம், கடைக்கும் போகலாம். படப்பிடிப்பாளருக்கு அந்த நேரத்தை நாம் கொடுப்பதில்லை. அவர் கடைக்குப் போன பத்து நிமிடத்திற்றான் வெளிநாட்டிலிருந்து வந்த அத்தை மேடையேறுவார். இடத்தை விட்டு அகலக்கூடாதென்று ஒருவரைக் கட்டிவைத்தால், அவரது பசிக்கும் கட்டியவரே பொறுப்பாளி. அன்றியும், கூலி கொடுத்தால் உணவு கொடுக்கவேண்டியதில்லை என்பது எமது ஊர்களின் வழக்கமுமன்று. வேலியடைப்புக்கும் கூரை வேய்வதற்கும் அரிவு வெட்டுக்கும் வந்தவர்களுக்குக் கூலியும் கொடுத்து உணவும் கொடுத்தே அனுப்பினார்கள். எந்தப் பாத்திரத்திற் கொடுத்தார்கள் என்பது வேறு கதை. அதை மேலே சொல்லிவிட்டோம்.

தமிழாசிரியர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறோம். விருந்தோம்பலைக் கற்பிக்கும்போது நாம் எல்லாரும் வள்ளுவரின் ஒன்பதாம் அதிகாரத்திலேயே தொடங்குகிறோம். அந்த அதிகாரத்தின் விருந்தினர் கைவீசி வருபவர். எதையும் செய்துதர வந்தவரல்லர். தம் கலையைக் கொண்டுவந்து ஒரு வீட்டின் சிறப்பை நிலைநிறுத்தும் ஒருவரை அவ்வீட்டார் எவ்வாறு உபசரித்தனர் என்று அறிய விரும்பினால், ஆற்றுப்படை நூல்களுக்கே செல்லவேண்டும். கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையிலே பொருநன் தான் பெற்ற பரிசிலைச் சொல்வதற்கு முன்னர், தான் உண்ட உணவைத்தான் விரித்துச் சொல்லுகிறான். ஊனைத் தின்று தின்று பற்கள் மழுங்கிப்போயினவாம். மன்னன் அவனுக்குப் பரிசிலும் கொடுத்தான். ஆகவே சோறு எதற்கு என்று கருதவில்லை. அந்தப் பொருநன் வந்தது மன்னனின் புகழை நிலைக்கச் செய்வதற்கு. ஒரு வீட்டின் நல்லநாளை நிலைக்கச் செய்ய வருபவர் இன்று கமராவோடு வருகிறார். இருவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது புலவர் சிலருக்குப் பிடிக்காமற் போகலாம். எமக்கு அதிற் பிழை தோன்றவில்லை.

கமராக்காரர் எதை நிலைக்கச் செய்கிறார் என்பதை ஈழத்தவராகிய எமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிற் புறப்பட்டு நடந்தபோது, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்த கையால் கலியாண அல்பத்தையும் எடுத்து உரப்பைக்குள் வைத்துக்கொண்ட தாய்மாரை நாம் அறிவோம். அதை எடுக்க மறந்தவர்கள், திரும்பிவந்து கூரையில்லாத வீட்டினுள் நின்று முதலிற் கேட்டது அதைத்தான். மறைந்துபோன தகப்பனின் முகம் அந்த ஒரு படத்திலே மாத்திரம் எஞ்சியிருக்கும் வீடுகள் வன்னியிற் பல. அப்படத்தை எடுத்தவர் அன்று சாப்பிட்டாரா என்று எவருக்கும் தெரியாது; அவர் எந்தப் படத்திலும் இல்லை.

இனி மறுபக்கத்தையும் சொல்லாவிடில் நடுநிலை தவறியவராவோம். படப்பிடிப்பாளர்கள் எல்லாரும் வாய்பேசா அப்பாவிகள் அல்லர். மூவர் வருவதாகப் பேசிவிட்டு, நண்பர்களையும் சேர்த்து எழுவராக வந்து இறங்குவோர் உளர். மணவறையை நான்கு பக்கமும் மறைத்து நின்று, அழைத்த சபைக்குத் தம் முதுகுகளையே தரிசனம் செய்விப்போர் உளர். ஐயரைப் பார்த்து, ‘அந்த முடிச்சை இன்னொருக்காப் போடுங்கோ’ என்று கட்டளையிட்ட ஒருவரை நாமே கண்டிருக்கிறோம். ஐயர் மறுத்தார், சபை சிரித்தது. ஒரு வீட்டில் மணமகளின் பாட்டியார் சர்க்கரை வியாதிக்காரர். பசியோடிருந்த அவரை ஒரு மணித்தியாலம் நிறுத்திவைத்துப் படமெடுத்தார்கள். இவற்றையெல்லாம் கண்டிக்க நாம் பின்நிற்கப் போவதில்லை. ஆனால் ஒருவருடைய நடத்தை சரியில்லை என்பதற்காக அவருடைய இலையை எடுத்துவிடும் வழக்கம் எமது வீடுகளில் இல்லை. கலியாணத்துக்கு வரும் உறவினரின் நடத்தையைப் பார்த்து இலை போடத் தொடங்கினால் பாதிப் பந்தி வெறுமையாகவே இருக்கும்.

மேனாட்டார் இதனை எழுத்திலே தீர்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கலியாணப் படப்பிடிப்பாளர் பலரின் ஒப்பந்தத்தில், இத்தனை மணித்தியாலத்திற்கு மேற்பட்ட வேலையாயின் குழுவினருக்குச் சூடான உணவும், இருந்து உண்ண இடமும் நேரமும் தரவேண்டும் என்று ஒரு விதி இருக்கும். மணமக்கள் உண்ணும்போதே அவர்களும் உண்ணவேண்டும் என்பதும் அங்கே பெருவழக்கு; மெல்லும் வாயோடு எவரும் படத்தில் விழ விரும்புவதில்லையாதலால் அந்நேரத்தில் கமராவுக்கு வேலை குறைவு. எழுத்தில் வைப்பது நல்ல பழக்கம். எமது இளைஞர்களும் விலை பேசும் தாளிலே ‘ஐவருக்கு இருவேளை உணவு’ என்று ஒரு வரியைக் கூச்சப்படாது எழுதட்டும். கேட்டு வாங்குவது இரத்தலாகாது. ஆனால் அங்கே பணியாளருக்கென விருந்தினரின் உணவினும் மலிவான தனிச்சாப்பாடு ஒன்றும் உண்டு. அது எமக்கு வேண்டாம். ஒரே கிடாரத்திற் சமைக்கும் எமது வீடுகளில் அதற்கு இடமுமில்லை. இங்குள்ள சில மண்டபத்தார் ‘ஸ்ராப் பார்சல்’ என்ற பெயரில் அதைத் தொடங்கியிருப்பதாக அறிகிறோம். காகிதப் பெட்டிக்குள் குளிர்ந்துபோன சோற்றை வைத்து, மரத்தின்கீழ் இருந்து சாப்பிடும்படி சொல்வது பழைய சிரட்டையின் புதிய வடிவமாகவே எமக்குப் படுகிறது.

மருதமுனைப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் நண்பரின் இல்லத் திருமணத்தில் நாம் கண்டதை இங்கே சொல்லலாம். அவர்களது வழக்கப்படி ஒரு சஹனைச் சுற்றி ஆறுபேர் இருந்து உண்ணவேண்டும். எமது சஹனுக்கு ஐவரே சேர்ந்திருந்தோம். வீட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். கமராவோடு நின்ற இளைஞரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து ஆறாமவராக இருத்தினார். அவர் தயங்கினார். ‘ஆறு நிரம்பாமல் நாங்கள் எப்படித் தொடங்குவது’ என்றார் வீட்டுக்காரர். இளைஞர் கமராவைப் பின்னால் வைத்துவிட்டு எம்மோடு ஒரே தட்டிற் கைவைத்து உண்டார். அந்த இருபது நிமிடத்தில் எடுக்கப்படாமற் போன படம் எதுவென்று எவரும் பிறகு விசாரித்ததாகத் தெரியவில்லை.

எமது முறைக்கும் இது இயலாத காரியமன்று. முகூர்த்த ஒழுங்கிலேயே இடைவெளிகள் இருக்கின்றன. விடியற்காலையில் மாப்பிள்ளை குளித்து உடுத்தும்வரை கமராவுக்கு அதிக வேலை இல்லை. இடியப்பமும் சம்பலும் அப்போது கொடுக்கலாம். கன்னிகாதானம் முடிந்து மணமகள் கூறை மாற்றச் செல்லும்போது சபையே கால்நீட்டி இருக்கிறது; ஒரு மோதகமும் தேநீரும் அருந்த அந்நேரம் போதும். சடங்கு முடிந்தபின், குழுவில் ஒருவர் மேடையில் நிற்க மற்றவர் இரண்டாம் பந்தியில் அமரலாம். அவர் எழுந்து வந்ததும் மற்றவர் செல்லலாம். குழுவிற் பெண்களும் இப்போது வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் இருந்து உண்ணவும் முகம் கழுவவும் மணமகள் அறையை ஒட்டி ஓரிடம் ஒதுக்குவது அவசியம். இவற்றை எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் எவரும் பார்க்கமாட்டார்கள் என்பதே இதுவரை கண்ட அனுபவம். ஒவ்வொரு கலியாண வீட்டிலும் வேலையின்றி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உலாவும் மாமன் ஒருவர் இருப்பார். அவரைக் கூப்பிட்டு, கமராக்காரரின் சாப்பாடு உங்கள் பொறுப்பு என்று முதல்நாளே ஒப்படைத்துவிட வேண்டும். அப்பணியை அவர் மணவறைக் காரியத்திலும் மேலாகச் செய்து முடிப்பார்.

எமது இல்லத்தில் 1974ஆம் ஆண்டுத் திருமணமொன்றின் அல்பம் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படங்கள். பெரும்பாலானவை நேர்த்தியாக எடுக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்று மட்டும் சரிந்து, மங்கி, ஓரத்தில் ஒருவரின் முழங்கையும் விழுந்திருக்கிறது. இப்படத்தை ஏன் ஒட்டினார்கள் என்று சிறுவயதில் நாம் கேட்டதுண்டு. பந்தி நடந்துகொண்டிருக்கையில் பெண்ணின் தகப்பனார் படப்பிடிப்பாளரின் கையிலிருந்து கமராவை வாங்கிக்கொண்டு, அவரை வலிந்து இலையின்முன் இருத்திவிட்டு, எப்படி இயக்குவதென்று கேட்டுத் தாமே ஒரு படம் எடுத்தாராம். பன்னிரண்டில் ஒன்று வீணாயிற்று என்று படப்பிடிப்பாளர் வருந்தினாராம். படத்தில் அவருடைய தலை நெற்றிக்கு மேல் வெட்டுப்பட்டிருக்கிறது. இலையும், அதில் வைத்த வடையும், சோற்றைப் பிசையும் வலக்கையும் தெளிவாகத் தெரிகின்றன.